உலர்த்தும் ஆராய்ச்சி: சென்னை மொட்டைமாடியில் முதல் சோதனையைத் தொடங்குவது எப்படி

வேளாண் இயந்திரங்கள், அறுவடை, உணவு உலர்த்தல் என்று ஆய்வுத் தலைப்பு எடுக்கும் பொறியியல் மாணவர்கள் பெரும்பாலும் மறுநாளே தகரம் வெட்டி, கண்ணாடி வாங்கி, பெட்டி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பெட்டி முடிந்த பிறகுதான் அதில் எதை வைப்பது என்ற கேள்வி எழுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே என் வேண்டுகோள். உலர்த்தல் என்பது ஒரு பொருளிலிருந்து நீரைப் பிரித்துக் காற்றிடம் ஒப்படைக்கும் வேலை. எவ்வளவு நீரை வெளியேற்ற வேண்டும், அதை வாங்கிக்கொள்ளும் காற்று எப்படிப்பட்டது என்ற இரண்டும் தெரிந்த பிறகு கட்டும் உலர்த்திதான் உழைக்கும். சென்னையில் இது இன்னும் முக்கியம். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. கடற்காற்றில் ஏற்கனவே நிறைந்திருக்கும் ஈரம்தான் நம்மோடு மல்லுக்கு நிற்கிறது.

இந்த வழிகாட்டி, கையில் பெரிய ஆய்வகம் இல்லாமல் ஒரு மொட்டைமாடியும் ஒரு தராசும் கொஞ்சம் பொறுமையும் வைத்திருப்பவர்களுக்கானது.

பொருளையும் கேள்வியையும் முடிவு செய்யுங்கள்

முதல் சோதனைக்கு முருங்கைக்கீரையைப் பரிந்துரைக்கிறேன். ஆண்டு முழுவதும் கிடைக்கும். ஒரே பகலில் உலர்ந்துவிடும். தவறாகப் போனாலும் மறுநாள் மீண்டும் செய்யலாம். மிளகாய் முழுதாகக் காய நாள்கள் ஆகும், அதன் மெழுகுத் தோல் நீரை எளிதில் விடாது. மீன் என்றால் உப்பு, கொழுப்பு, வாடை, ஈ என்று நான்கு சிக்கல்கள் கூடவே வரும். காசிமேட்டுக் கருவாட்டில் ஆர்வம் உள்ளவர்கள் இரண்டாவது திட்டமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

பொருளைத் தேர்ந்ததும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். 'சூரிய உலர்த்தி வடிவமைத்தல்' என்பது கேள்வி அல்ல, தலைப்பு. 'ஒரு கிலோ முருங்கைக்கீரையை எட்டு சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர, திறந்த வெயிலைவிட மூடிய உலர்த்தி எத்தனை மணி நேரம் மிச்சப்படுத்துகிறது, கீரையின் பச்சை நிறம் எந்த அளவுக்குத் தங்குகிறது?' என்பது கேள்வி. இதற்கு எதை அளக்க வேண்டும் என்பது கேள்வியிலேயே இருக்கிறது.

வயலில் ஒரு நாள்

நெல் பக்கம் போக நினைப்பவர்கள், உலர்த்தியைத் தொடும் முன் அறுவடையைப் பார்க்க வேண்டும். திருவள்ளூர் பக்கம் புறநகர் ரயிலில் போய்வரும் தூரத்திலேயே வயல்கள் இருக்கின்றன. அந்த மாவட்டத்தின் திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது, டி.கே.எம். என்று தொடங்கும் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. நவரை அறுவடை சித்திரையை ஒட்டி வெயிலில் நடக்கும். சொர்ணவாரி அறுவடைக்கு ஆடி, ஆவணி மழை குறுக்கிடும். பருவம் மாறினால் ஈரமும் மாறும். ஆய்வேட்டில் பருவத்தின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

நெல்லை இயந்திரத்தால் அறுக்கும்போது ஈரம் 20 முதல் 24 சதவீதம் வரை இருக்கலாம். கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். மாதக்கணக்கில் கெடாமல் இருப்பு வைக்க 14 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும். விவசாயியின் தவிப்பு முழுவதும் இந்த மூன்று எண்களுக்கு இடையில்தான் நடக்கிறது. தாமதித்து அறுத்தால் ஈரம் குறைந்திருக்கும், ஆனால் மணி உதிரும். பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் மாறி மாறி நின்ற மணியில் கீறல் விழுந்து, ஆலையில் நொய் அதிகமாகும்.

உதிர்வை அளப்பது எளிது. குழாயால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, இயந்திரம் போகும் முன் தரையில் ஏற்கனவே கிடக்கும் மணிகளைப் பொறுக்கி எடை போடுங்கள். இயந்திரம் போன பிறகு அதே வரிசையில் வேறோர் இடத்தில் மீண்டும் பொறுக்குங்கள். இரண்டின் வேறுபாடுதான் இயந்திரத்தின் இழப்பு. ஒரு சதுர மீட்டரில் ஒரு கிராம் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ நான்கு கிலோ. பெல்ட் வண்டியா டயர் வண்டியா, வயலில் எவ்வளவு சேறு, பயிர் சாய்ந்திருந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகள் இல்லாத இழப்புக் கணக்கை இன்னொரு வயலோடு ஒப்பிட முடியாது.

ஈரத்தை அளக்கப் பழகுங்கள்

இந்தக் கட்டுரையிலேயே அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுதான். ஈரத்தை அளக்கத் தெரிந்துவிட்டால் உலர்த்தல் ஆராய்ச்சியில் பாதி தெரிந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

தேவையானவை: நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, சூட்டு ஓவன், மூடியுள்ள சிறு உலோகக் கிண்ணங்கள், சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் (வெளிக்காற்றின் ஈரம் புகாத மூடிய பாத்திரம்). கீரையை நன்றாகக் கலந்து மூன்று கிண்ணங்களில் ஐந்து கிராம் வீதம் எடுத்து, 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை வைக்க வேண்டும். பொதுவாக ஓர் இரவு முழுக்க வைத்தால் போதும். நெல் போன்ற தானியத்துக்கு முறை வேறு: அரைத்த மாதிரியை 130 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைப்பார்கள். ஐ.எஸ். 4333 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் இரண்டாம் பகுதி இதைப் பற்றியது. தரமணி சி.ஐ.டி. வளாகத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலகம் இருக்கிறது.

ஓவனிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சூட்டோடு தராசில் வைக்காதீர்கள். சூடான கிண்ணத்தைச் சுற்றி மேலே எழும் காற்று தட்டைத் தூக்கும். எடை குறைவாகக் காட்டும். ஆறட்டும் என்று மேசைமேல் வைத்தால் அது அதைவிட மோசம். எலும்புபோல் காய்ந்த கீரை சென்னைக் காற்றிலிருந்து கண்ணெதிரே ஈரத்தை உறிஞ்சும். தராசின் கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போவதை நீங்களே பார்க்கலாம். அதனால்தான் மூடி போட்டு டெசிகேட்டருக்குள் ஆறவைக்கிறோம். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் அது வேலை செய்யவில்லை. ஓவனில் வறுத்து மீண்டும் பயன்படுத்துங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள்.

இனி கணக்கு. ஈரத்தை இரண்டு அடிப்படைகளில் சொல்லலாம். நீரின் எடையை மொத்த எடையால் வகுத்தால் ஈர அடிப்படை. உலர்பொருளின் எடையால் வகுத்தால் உலர் அடிப்படை. வியாபாரத்தில் முன்னது, ஆய்வுச் சமன்பாடுகளில் பின்னது. இரண்டையும் குழப்பியதால் பிழையாகிப்போன ஆய்வேடுகள் நிறைய. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு டன் நெல்லை 22 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எவ்வளவு நீர் போகும்? எட்டு சதவீதம், ஆகவே 80 கிலோ என்று சொல்லத் தோன்றும். ஆனால் உலர்பொருள் 780 கிலோ. முடிவில் அது மொத்தத்தில் 86 சதவீதமாக இருக்க வேண்டும். ஆகவே நெல்லின் எடை 907 கிலோ. வெளியேறும் நீர் 93 கிலோ. மாறாமல் நிற்பது உலர்பொருள் மட்டுமே. எல்லாக் கணக்கையும் அதைப் பிடித்துக்கொண்டு செய்தால் பிழை வராது.

உங்கள் மாடியின் காற்றை அறியுங்கள்

காற்றைச் சூடாக்குவதால் அதிலுள்ள நீர் குறைவதில்லை. மேலும் நீரை வாங்கும் திறன்தான் கூடுகிறது. 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 33 சதவீதத்துக்கு இறங்கும். 50 டிகிரியில் 26 சதவீதம். உலர்த்தியின் முழு ரகசியமும் இந்த இறக்கத்தில் இருக்கிறது. சூடாக்காத அதே 75 சதவீதக் காற்றில் நெல்லை எத்தனை நாள் பரப்பினாலும் ஏறத்தாழ 14 சதவீதத்தில் நின்றுவிடும். அது நெல்லும் காற்றும் சமநிலைக்கு வரும் இடம், அதாவது சமநிலை ஈரம்.

கோடையில் சென்னையின் பகல் இரண்டு பகுதியாகப் பிரியும். முற்பகலில் நிலத்திலிருந்து வறண்ட மேல்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று நுழையும்போது வெப்பம் சற்றுத் தணிந்து ஈரப்பதம் ஏறும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாடிகளில் இது சீக்கிரம் தெரியும். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் பிந்தி வரும். எனவே காலை எட்டு மணிக்கே தட்டுகள் வெயிலில் இருக்க வேண்டும். அந்த முதல் நான்கு மணி நேரத்தை இழந்தால், மாலை வரை காத்திருந்தாலும் ஈடுகட்ட முடியாது. அக்னி நட்சத்திர வெயிலில் எல்லாம் தானாகக் காய்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள், கடலோர மாடியில் ஒரு பிற்பகல் ஈரப்பதமானியோடு நின்று பார்க்கட்டும்.

காற்றின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் காட்டும் சென்சார்களை ரிச்சி தெருவில் வாங்கலாம். டி.எச்.டி.22 மலிவானது, தொடக்கத்துக்குப் போதும், எஸ்.எச்.டி.31 இன்னும் நம்பகமானது. எதை வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நம்பாதீர்கள். ஒரு டப்பாவில் தூய உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, உப்பு கரையாமல் மிஞ்சி நிற்கும் நிலையில் வைத்து, அதன்மேல் சென்சாரைத் தொங்கவிட்டு இறுக மூடுங்கள். சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று 75 சதவீத ஈரப்பதத்தில் நிற்கும். சென்சார் 81 காட்டினால் ஆறு கூடுதல் என்று தெரிந்துவிட்டது. வெப்பமானியை உருகும் பனிக்கட்டியிலும் கொதிக்கும் நீரிலும் சோதியுங்கள். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் பதிவோடு உங்கள் மாடியின் பதிவை ஒப்பிட்டு வைத்துக்கொண்டால், வேறோர் ஆண்டில் சோதனை செய்பவருக்கும் உங்கள் எண்கள் பயன்படும்.

தாளில் ஒருமுறை உலர்த்துங்கள்

தகரம் வாங்கும் முன் இந்தக் கணக்கு. ஒரு கிலோ கீரையில் நீர் 78 சதவீதம் என்று உங்கள் ஓவன் சொன்னதாக வைத்துக்கொள்வோம். உலர்பொருள் 220 கிராம். எட்டு சதவீத ஈரத்துக்கு வந்தபின் எடை 239 கிராம். வெளியேற வேண்டிய நீர் 761 கிராம். ஒரு கிலோ நீரை இந்த வெப்பநிலைகளில் ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல், அதாவது மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. ஆகவே நமக்குத் தேவை அரை யூனிட்.

தெளிந்த நாளில் சென்னையில் ஒரு சதுர மீட்டரில் சுமார் ஐந்து யூனிட் வெயில் விழுகிறது. எளிய அமைப்பில் அதில் கால் பங்கு நீரை ஆவியாக்கப் பயன்பட்டாலே நல்ல உலர்த்தி. அந்தக் கணக்கில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடிப் பரப்பு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் கீரையைத் தாங்கும். பத்து கிலோ உலர்த்துவதாகச் சொல்லும் சிறு பெட்டிகளைப் பார்க்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வெப்பம் மட்டும் போதாது, நீரை ஏற்றிச்செல்லும் காற்றும் வேண்டும். 50 டிகிரியில் உள்ளே போய் 38 டிகிரியில் வெளியேறும் சென்னைக் காற்று, கிலோவுக்கு ஐந்து கிராம் நீரைத்தான் சுமந்து செல்கிறது. 761 கிராமுக்கு 150 கிலோ காற்று, சுமார் 130 கன மீட்டர். ஆறு மணி நேரத்தில் இது போக வேண்டும். கணினியில் இருக்கும் 12 வோல்ட் மின்விசிறி ஒன்று இதற்குத் தாராளமாகப் போதும். மின்விசிறி இல்லாமல் புகைபோக்கியை மட்டும் நம்பினால் காற்றோட்டத்தை அளந்தே தீர வேண்டும். பல மூடிய பெட்டிகளில் கண்ணாடியின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்பதற்குக் காரணம் காற்று வெளியேறாததுதான்.

கட்டுதல்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இது எல்லோருக்கும் பிடித்த பகுதி. கீரைக்கு நேரடி வெயில் ஆகாது. நிறமும் கரோட்டினும் போய்விடும். எனவே வெயில் வாங்கும் பெட்டி தனி, தட்டுகள் இருக்கும் நிழற்பெட்டி தனி என்று இரண்டாகச் செய்யுங்கள். கறுப்புத் தகட்டுக்கு மேல் கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் தகடு, அடியில் வெப்பக்காப்பு, சென்னையின் அட்சரேகைக்கு ஏற்ப 13 டிகிரி அளவில் தெற்கு நோக்கிய சாய்வு. கறுப்பு பெயின்ட் அடித்த பிறகு சில நாள்கள் உலர்த்தியை வெறுமையாக வெயிலில் ஓடவிட்டு வாடை முழுதும் போனபின் கீரை வையுங்கள். தட்டுகளுக்கு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு வலை. துத்தநாகம் பூசிய தகரம் உணவைத் தொடக் கூடாது.

பெரிய அளவில் எப்படி இருக்கும் என்று பார்க்க, வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தோடு விவசாயிகளுக்கு அமைத்துத்தரும் சூரிய கூடார உலர்த்தி ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். அத்துறையின் தலைமை அலுவலகம் நந்தனத்தில்தான் இருக்கிறது. நெல்லுக்கு, செங்குன்றத்து அரிசி ஆலைகளில் புழுங்கல் நெல் உலர்வதைக் கேட்டுக்கொண்டு போய்ப் பார்க்கலாம். உலர்த்தியில் ஒரு சுற்று சூடு காட்டி, சில மணி நேரம் ஆறவிட்டு, மீண்டும் சூடு காட்டுவார்கள். அந்த ஓய்வில் மணியின் உள்ளே இருக்கும் ஈரம் மேற்பரப்புக்கு வருகிறது, கீறல் குறைகிறது.

சோதனை நாள்

கீரையைக் கோயம்பேட்டில் வாங்கினால் வியாபாரி தண்ணீர் தெளித்திருப்பார். அன்றைய ஈரத்தை அன்றே அளக்காமல் நேற்றைய எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. தெருவில் மரம் இருந்தால் காலையில் பறித்ததே நல்லது. இலையைக் காம்பிலிருந்து முழுதாக உருவுங்கள். ஈர்க்கு கலந்தால் இலை நொறுங்கும் நிலைக்கு வந்த பிறகும் ஈர்க்கு வளையும். டப்பாவில் பூஞ்சை அங்கிருந்துதான் தொடங்கும். இலைகள் ஒன்றன்மேல் ஒன்று அடையாமல் மெல்லிய படலமாகப் பரப்புங்கள்.

உலர்த்திக்குள் வைக்கும் அதே அளவு கீரையை அதே பரப்பில் திறந்த வெயிலில் ஒரு தட்டு, நிழலில் ஒரு தட்டு வையுங்கள். ஒப்பிடத் தட்டு இல்லாத சோதனை எதையும் நிரூபிக்காது. முதல் இரண்டு மணி நேரம் அரை மணிக்கொருமுறை, பிறகு மணிக்கொருமுறை எடை. தட்டை வெளியே எடுத்து எடை போட்டு மீண்டும் வைப்பது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்; அதற்காகத் தராசை உலர்த்தியின் பக்கத்திலேயே காற்று மறைப்போடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் காற்று, வெளியேறும் காற்று இரண்டின் வெப்பமும் ஈரப்பதமும், மேகம் மறைத்த நேரமும் எழுதப்பட வேண்டும். கணினியில் பதிவாகிறது என்றாலும் கையால் ஒரு நோட்டில் எழுதுங்கள். மாலையில் முடியவில்லை என்றால் தட்டை இரவு முழுக்க வெளியே விடாமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மறுநாள் காலை எடையிலிருந்து தொடருங்கள்.

மூன்று நாள் செய்து சராசரி எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெயிலில் செய்யும் சோதனையில் எந்த இரு நாளும் ஒன்றல்ல. உலர்த்தியின் செயல்திறனுக்கு மாடிச் சோதனை. கீரை எந்த வெப்பத்தில் எவ்வளவு வேகமாக உலரும் என்பதற்கு, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் ஆய்வக உலர்த்தியில் 40, 50, 60 டிகிரிகளில் தனிச் சோதனை. இரண்டையும் பிரித்துச் செய்தால் முடிவுகள் தெளிவாக வரும்.

கோட்டை வரையுங்கள், இலையைத் தொடுங்கள்

உலர் அடிப்படை ஈரத்தை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். தொடக்கத்தில் கோடு செங்குத்தாக இறங்கி, பிறகு படுத்துவிடும். மேற்பரப்பு நீர் தீர்ந்து, உள்ளேயிருந்து வர வேண்டிய நீருக்காகக் காற்று காத்திருக்கும் கட்டம் அது. அங்கே சூட்டைக் கூட்டினால் தடித்த துண்டுகளில் மேல்தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். இந்தக் கோட்டைக் கணக்காக எழுத, 1921இல் லூயிஸ் தந்த எளிய அடுக்குக்குறிச் சமன்பாடும், 1949இல் பேஜ் அதில் ஒரு மாறிலியைச் சேர்த்து அமைத்ததும் முதல் ஆய்வுக்குப் போதும். இருபது சமன்பாடுகளைப் பொருத்திப் பார்த்து அட்டவணை போடுவதைவிட, ஒரு சமன்பாட்டின் மாறிலி வெப்பத்தோடு எப்படி மாறுகிறது என்று விளக்குவது மேல். ஒரு எச்சரிக்கை: சமநிலை ஈரத்தைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வது வறண்ட ஊர்களில் ஓரளவு பொருந்தலாம். சென்னைக் காற்றில் கோட்டின் கடைசிப் பகுதியை அது தவறாகக் காட்டும்.

தரத்தை மறக்காதீர்கள். கீரைக்கு நிறம், வாசனை, நீரில் ஊறவைத்தால் மீளும் எடை. நெல்லுக்கு முழு அரிசி விகிதம், விதை என்றால் முளைப்பு. மிளகாய் மெதுவாக உலர்ந்தால் பூஞ்சை நச்சு உருவாகும் ஆபத்து உண்டு, ஆகவே அங்கே வேகமே தரம். நுண்ணுயிருக்குக் கிடைக்கக்கூடிய நீரைக் காட்டும் நீர்ச் செயல்பாடு என்ற அளவு 0.6க்குக் கீழே இருந்தால் எந்த நுண்ணுயிரும் வளராது. அதை அளக்கும் கருவி உணவுத் தொழில்நுட்பத் துறைகளில் இருக்கும்.

யாரிடம் போகலாம்

கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கொடுவள்ளியில் உள்ள உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி, தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை நகருக்குள்ளும் அருகிலும் இருப்பவை. வெளியே போக முடிந்தால் கோவை வேளாண் பொறியியல் கல்லூரியும் தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும். தஞ்சை நிறுவனம், நெல் பதப்படுத்தும் சிறு ஆய்வகமாகத் திருவாரூரில் 1967இல் தொடங்கியதன் வளர்ச்சி. படிப்பதற்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்.

உதவி கேட்டு எழுதும் கடிதத்தில் 'உலர்த்தி பற்றி விளக்குங்கள்' என்று கேட்காமல், ஒரு நாள் சோதனையின் எடை அட்டவணையை இணைத்து, எந்த எண் புரியவில்லை என்று கேளுங்கள். மாசியில் தொடங்கினால் ஆனிக்குள் மாடிச் சோதனைகள் முடிந்துவிடும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓவன் வேலையையும் உப்புக் கரைசல்களைக் கொண்டு சமநிலை ஈரத்தை அளக்கும் வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கீரைத்தூளை விற்பனைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், உணவுப் பாதுகாப்பு உரிமப் பதிவை முதல் பொட்டலத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.